முகவரிப் புத்தகம் திறக்கவில்லை என்றால்

“மெயில்ல அட்ரஸ் புக் கெட்டுப்போச்சு” என்று சொல்லும்போது அதற்குள் குறைந்தது நான்கு வேறு பழுதுகள் இருக்கக்கூடும். பெயர்கள் மொத்தமாகக் காணாமல் போயிருக்கலாம். பெயர்கள் பத்திரமாக இருந்தும் நிரல் அவற்றைப் படிக்க மறுக்கலாம். ஒருவர் பெயரை அடித்தால் வேறொரு முகவரி வந்து நிற்கலாம். முகவரி சரியாக இருந்து, பெயர் மட்டும் கிறுக்கலாக மாறியிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. எந்தப் பழுது என்று பார்க்காமல் கைவைத்தால் எஞ்சியிருந்ததும் போய்விடும். பெரும்பாலான முகவரிப் புத்தகங்கள் அழிவது பழுதினால் இல்லை, பழுதுபார்க்கும் அவசரத்தினால்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்க நினைக்கிறேன்.

புதுச்சேரியில் இது வெறும் கணினிச் சங்கடமாக முடிவதில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கின்றன. ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீடு என்றால் எந்த வீதியிலும் வழி காட்டுவார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகள் ஒருவர் பாரிஸ் புறநகரில், ஒருவர் ரெயூனியனில், ஒருவர் சென்னையில். பென்ஷன் வருவது பிரான்சிலிருந்து. தாம் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று அனுப்பினால்தான் அது தொடர்ந்து வரும். எந்தச் சான்றை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்ற விவரம் பல வீடுகளில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: கூடத்து மேசையில் இருக்கும் கணினியின் முகவரிப் புத்தகத்தில். அது திறக்கவில்லை என்றால் பெரியவர்கள் பதறுவது நியாயம்தான்.

விளக்கத்துக்குத் தண்டர்பேர்டு நிரலை எடுத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. இலவசம், திறந்த மூலம். எல்லாக் கோப்புகளையும் நம் கணினியிலேயே, நாம் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கிறது. ஆகவே என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் ஓர் அடிப்படை. மெயில் நிரல் வேறு, நம்முடைய தரவு வேறு. நிரல் கணினியில் ஓரிடத்தில் இருக்கிறது. நம் மெயில்கள், கடவுச்சொற்கள், முகவரிப் புத்தகம் எல்லாம் ‘ப்ரொஃபைல்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஆகவே “அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போட்டுப் பாருங்க” என்ற அறிவுரையால் முகவரிப் புத்தகத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நிரலை நீக்கினாலும் ப்ரொஃபைல் அப்படியே கிடக்கும். கெட்ட கோப்பும் அதற்குள் கெட்டபடியே கிடக்கும். ஆபத்து அடுத்த கட்டத்தில்தான். இன்ஸ்டால் செய்தும் சரியாகவில்லை என்றதும் “ஃபார்மட் பண்ணிடலாம்” என்று முடிவெடுப்பார்கள். அது ப்ரொஃபைலையும் சேர்த்து அழித்துவிடும். கணினியைக் கடையில் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள்: என் ப்ரொஃபைல் ஃபோல்டரை நகல் எடுத்தீர்களா?

அந்த நகலை நாமே எடுத்துவிடலாம், பெரிய வேலை ஒன்றும் இல்லை. தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவுக்குள் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. ஃபோல்டர் திறந்ததும், அதைத் திறந்தபடியே விட்டு, தண்டர்பேர்டை முழுக்க மூட வேண்டும். மூடியபின் ஒரு நிமிடம் பொறுத்து, அந்த ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகல் எடுக்க வேண்டும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும். முகவரிக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிரதி எடுத்தால், பாதி எழுதிய பக்கம்தான் நமக்குக் கிடைக்கும். இனி சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த நகல் கையில் இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

இப்போது பெயர்கள் மொத்தமாகக் காணாமல் போன நிலையைப் பார்ப்போம். மெயில்களும் சேர்ந்து காணவில்லை, கணக்கையே புதிதாகக் கேட்கிறது என்றால் முகவரிப் புத்தகம் கெடவில்லை. நிரல் வேறு ப்ரொஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 2019 முதல் தண்டர்பேர்டு ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்கிறது. பழைய பதிப்பு ஒரு ஃபோல்டரிலும் புதியது வேறொரு ஃபோல்டரிலும் நிறுவப்பட்டால், புதியது வெற்று ப்ரொஃபைலோடு எழுந்து நிற்கும். பழையது தொடப்படாமல் பக்கத்திலேயே இருக்கும். அதே டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் ப்ரொஃபைல்களின் பட்டியலுக்கான இணைப்பும் இருக்கிறது. அதில் பழையதைத் தேர்ந்து, அதையே வழக்கமாகத் திறக்கும்படி வைத்தால் எல்லாம் திரும்பிவிடும். இந்த நிலையில் இருப்பவர்கள் பதற்றத்தில் கணக்கை மறுபடி அமைத்து, பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் பாதி பழையதும் பாதி புதியதுமாக இரண்டு புத்தகங்கள் ஆகிவிடுகின்றன.

மெயில் எல்லாம் இருக்கிறது, முகவரிகள் மட்டும் இல்லை என்றால் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. தொடக்கத்திலிருந்து 2020 வரை தண்டர்பேர்டு முகவரிகளை ‘மோர்க்’ என்ற வடிவத்தில் வைத்திருந்தது. கோப்பின் பெயர் ‘ஏபுக்’, அதன் வால் ‘எம்ஏபி’. மோர்க் மிகவும் எளிதில் உடையும் வடிவம். எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு முழுதும் படிக்க முடியாமல் போகலாம். அப்போது நிரல், கோப்பைப் படிக்க முடியவில்லை, புதிதாக ஒன்றை உருவாக்குகிறேன், பழையதை ‘பேக்’ என்ற வாலோடு அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன் என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் ஓகே அழுத்தியவர்கள் அதிகம். முகவரிகள் அழிந்துவிட்டன என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பெயர் மாறிய பழைய கோப்பு அதே ஃபோல்டரில்தான் இருந்தது.

2020 கோடையில் வந்த 78ஆம் பதிப்பில் மோர்க் போய், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவம் வந்தது. இது உறுதியானது, மின்தடையைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அந்த மாற்றத்தின்போதுதான் பல வீடுகளில் புத்தகம் காலியாகத் தோன்றியது. மோர்க்கிலிருந்து புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை பாதியில் நின்றிருந்தால் புதிய கோப்பு காலியாக இருக்கும், பழையது ‘பேக்’ வாலோடு இருக்கும். இதற்கு வழி எளிது. பழைய கோப்பின் நகல் ஒன்றை டெஸ்க்டாப்பில் வைத்து, அதன் வாலிலிருந்து ‘பேக்’ என்பதை எடுத்துவிட்டு, தண்டர்பேர்டின் இம்போர்ட் பகுதியில் முகவரிப் புத்தகத்தைத் தேர்ந்தால், மோர்க் கோப்பையும் எஸ்க்யூலைட் கோப்பையும் நேரடியாக உள்ளே இழுக்க வழி இருக்கிறது. ப்ரொஃபைலுக்குள் இருக்கும் கோப்பைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்க வேண்டியதே இல்லை. நிரலின் வாசல் வழியாகவே உள்ளே கொண்டுவரலாம்.

கோப்பு உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது அளவு. முந்நூறு பேர் இருந்த புத்தகத்தின் கோப்பு சில நூறு கிலோபைட்டாவது இருக்கும். அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் காலியான எஸ்க்யூலைட் புத்தகமும் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கலாம் என்பதால், அளவை மட்டும் வைத்துத் தரவு உள்ளே இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். இரண்டாவது, கோப்பின் நகலை நோட்பேடில் திறந்து பார்ப்பது. நல்ல எஸ்க்யூலைட் கோப்பின் முதல் வரி, இது எஸ்க்யூலைட் மூன்றாம் வடிவம் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லும். மீதி கிறுக்கலாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம். முதல் வரியும் இல்லாமல் முழுக்க வெற்றிடமாக இருந்தால் வட்டில் எழுதப்படும் நேரத்தில் கோப்பு சிதைந்திருக்கிறது. அதே பெயரோடு ‘டபிள்யூ-ஏ-எல்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும் துணைக் கோப்பு ஒன்று பக்கத்தில் இருக்குமானால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதில் இருக்கலாம். பாதி சிதைந்த கோப்பிலிருந்து மீதியை எடுக்க எஸ்க்யூலைட்டுக்கே 2019 முதல் ஒரு மீட்புக் கட்டளை உண்டு. அது தெரிந்தவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அவரிடம் கொடுக்கும்வரை அந்தக் கோப்பை நாம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தப்பான முகவரி வந்து நிற்கும் சிக்கலுக்கு வருவோம். இதைப் பழுது என்று சொல்வதுகூடச் சரியில்லை. தண்டர்பேர்டில் ஆரம்பத்திலேயே இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று நாம் எழுதுவது. மற்றொன்று ‘கலெக்டட் அட்ரஸஸ்’, தானாகச் சேர்வது. நாம் யாருக்கு மெயில் அனுப்பினாலும் அந்த முகவரியை அது குறித்துக்கொள்ளும். ஒருமுறை எழுத்துப் பிழையோடு அனுப்பினால் அந்தப் பிழையையும் அப்படியே குறித்துக்கொள்ளும். அடுத்த முறை முதல் மூன்று எழுத்தை அடித்ததும் பிழையான முகவரியும் பட்டியலில் வரும். நாம் நம்முடைய புத்தகத்தில் போய்த் திருத்திக்கொண்டே இருப்போம், அங்கே பிழையே இருக்காது. இரண்டாவது புத்தகத்தைத் திறந்து, பிழையான முகவரி உள்ள பதிவை, அதாவது அட்டையை, நீக்கினால் முடிந்தது.

இந்த ஊரில் இந்தப் பிழைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பிரான்சிலிருந்து வரும் உறவினர் விட்டுப்போகும் மடிக்கணினிகளில் இருப்பது பிரெஞ்சு விசைப்பலகை. ஆங்கில விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் அதில் க்யூ இருக்கும், க்யூ இருக்கும் இடத்தில் ஏ. அதேபோல் டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கும். எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். விண்டோஸில் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் தெரியாமல் சேர்த்து அழுத்தப்பட்டாலே விசைப்பலகையின் மொழி மாறிவிடுவது உண்டு. விசையின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. கலெக்டட் புத்தகத்தைத் திறந்து, ஏ வர வேண்டிய இடத்தில் க்யூ உள்ள முகவரிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். திரும்பி வந்த மெயில்கள் பலவற்றின் காரணம் அங்கே தெரியும்.

திரும்பி வந்த மெயில் என்றதும் இன்னொன்று. மெயில் திரும்பி வருவதால் முகவரிப் புத்தகம் கெட்டதாக அர்த்தமில்லை. எதிர்ப்பக்கம் முகவரியே செத்திருக்கலாம். இங்கே இணையம் வந்த புதிதில் விஎஸ்என்எல் கணக்கு வைத்திருந்தவர்களின் முகவரிகள் இன்னும் பல புத்தகங்களில் கிடக்கின்றன. பிரான்சில் வனாடூ நிறுவனம் 2006இல் ஆரஞ்ச் ஆனது. அப்போது பழைய வனாடூ முகவரிகளை நிறுத்தாமல் தொடர்ந்து ஓடவிட்டார்கள். ஆகவே பெயர் பழையதாக இருக்கிறது என்று மட்டும் வைத்து ஒரு முகவரியை நீக்கிவிட வேண்டாம். திரும்பி வந்த அறிவிப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி பெயர்கள். புதுச்சேரியின் முகவரிப் புத்தகங்கள் வேறெந்த ஊரையும் விட அதிகமாகக் குழம்புவது இங்கேதான். ஒரே மனிதர் இரண்டு அட்டைகளில் இருப்பார். பிரெஞ்சு ஆவணத்தில் சுப்பிரமணியன் என்ற பெயரின் ‘சு’வுக்கு ஓ, யு என்று இரண்டு உயிரெழுத்து போட்டிருக்கும். ஆங்கில ஆவணத்தில் வெறும் யு. ராமசாமிக்குப் பிரெஞ்சில் இரட்டை எஸ், ஆங்கிலத்தில் ஒற்றை எஸ். மகன் பாரிஸிலிருந்து அனுப்பிய பட்டியலில் ஒரு வடிவம், தந்தை இங்கே கையால் அடித்ததில் இன்னொரு வடிவம். தேடும்போது ஒன்று வரும், மற்றது வராது. புத்தகம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அந்த இருவரும் வேறு வேறு ஆட்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி ‘நிக்நேம்’ என்ற கட்டத்தைப் பயன்படுத்துவது. தண்டர்பேர்டில் பெயரை அடிக்கும்போது நிரல் முதற்பெயர், குடும்பப்பெயர், காட்டும்பெயர், முகவரி இவற்றோடு நிக்நேம் கட்டத்தையும் பார்க்கிறது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைக் காட்டும்பெயரிலும், ஆங்கில எழுத்துக்கூட்டலையோ தமிழ்ப் பெயரையோ நிக்நேமிலும் போட்டுவிட்டால், எப்படி அடித்தாலும் அதே அட்டை வரும். இரண்டாவது அட்டையை நீக்கிவிடலாம். நீக்குமுன் அதில் மட்டும் இருக்கும் தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரல் கேட்பதே நமக்குப் பொருந்தாத கேள்வி. இந்தக் கேள்வியைப் புதுச்சேரி முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தம் மரபுச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வந்தவர்கள், தங்களுக்கென ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்த வீடுகளின் வாரிசுகளுக்குக் குடும்பப்பெயர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். இரண்டு வகைப் பெயர்களும் ஒரே புத்தகத்தில் சேரும்போது, ஒருவரின் முதலெழுத்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்து, குடும்பப்பெயர் வரிசையில் அடுக்கினால் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தின் கீழ் நாற்பது பேர் திரள்வார்கள். இதைச் சரிசெய்ய வரிசையைக் காட்டும்பெயருக்கு மாற்றினாலே போதும். பெயர்களைத் தொட வேண்டாம். மனிதர்கள் தங்களை எப்படி எழுதிக்கொள்கிறார்களோ அப்படியே இருக்கட்டும்.

பெயர்களில் இன்னொரு கண்ணி காற்புள்ளி. குடும்பப்பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்து, முதற்பெயரை எழுதும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு. மெயிலில் காற்புள்ளி என்றால் ஒரு முகவரி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். இப்படி எழுதிய பட்டியலை அப்படியே ஒட்டினால் பெயரின் முன்பாதி தனி முகவரியாகப் பிரிந்து, இது செல்லாத முகவரி என்று நிரல் மறுக்கும். காற்புள்ளியை எடுத்துவிட்டால் மறுப்பு நின்றுவிடும்.

கிறுக்கலாக மாறிய பெயர்களுக்கு வருகிறேன். இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் தீரும். தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் அந்தப் பெயர் அந்தக் கோப்பில் இல்லை, போய்விட்டது. ‘சிவா’ என்ற பெயர் நான்கு கேள்விக்குறியாகியிருக்கும். எந்த நான்கு என்று யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. மாறாக, மேலே கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறியும் மாறி மாறி வந்தால் பெயர் உயிரோடுதான் இருக்கிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு துணைக்குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கும் நிரலுக்கு அந்த முதல் பைட் கோடு போட்ட ஏ எழுத்தாகத் தெரியும். அதனால்தான் எல்லாத் தமிழ்ப் பெயர்களும் ஒரே கிறுக்கலாகத் தோன்றுகின்றன. தவறு படிப்பதில் இருக்கிறது, எழுதியிருப்பதில் இல்லை. லிப்ரேஆஃபீஸ் கால்க் நிரலில் அந்தப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பைத் திறந்தால் எந்த எழுத்து முறை என்று கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொன்னதும் பெயர்கள் தமிழில் வந்து நிற்கும்.

சில சமயம் மற்றதெல்லாம் வந்தும் புள்ளி, உகரக் குறி போன்ற சில மட்டும் வராது. ‘முருகன்’ என்பது ‘மரகன’ என்று நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய மூன்றாவது பைட்டுகளுக்கு அந்த மேற்கத்திய அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. கோப்பு ஒருமுறை தவறாகப் படிக்கப்பட்டு, தவறாகவே மறுபடி சேமிக்கப்பட்டிருந்தால், அந்தப் பைட்டுகளைச் சில நிரல்கள் வழியிலேயே தவறவிட்டுவிடும். அப்படியானால் அந்தக் குறிகளைக் கையால்தான் வைக்க வேண்டும்.

கேள்விக்குறிகள் எங்கிருந்து வருகின்றன? அநேகமாக எக்செலிலிருந்து. முகவரிப் புத்தகத்தை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து, எக்செலில் திருத்தி, அப்படியே ‘சிஎஸ்வி’ என்று சேமிப்பது இங்கே பரவலான பழக்கம். சாதாரண சிஎஸ்வி அந்த மேற்கத்திய அட்டவணையில்தான் சேமிக்கிறது. அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, பிரெஞ்சுக் குறியெழுத்துகளுக்கு இடம் உண்டு. ஆகவே ஒரே கோப்பில் பிரான்சுவா ஒரு குறிகூடக் குறையாமல் தப்பிவிடுவார், முருகன் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடுவார். முதலில் தெரியும் இரண்டு பிரெஞ்சுப் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூலக்கோப்பை அழித்தவர்களுக்கு வழியே இல்லாமல் போகிறது. 2016க்குப் பிந்தைய எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் இந்த இழப்பு நேராது.

எண்களுக்கும் எக்செல் இதே கொடுமையைச் செய்கிறது. புதுச்சேரியின் 0413 என்ற எஸ்டிடி குறியீட்டில் முன்னால் இருக்கும் சுழியத்தை அது உதிர்த்துவிடும். 91 சேர்த்து எழுதிய கைபேசி எண் பன்னிரண்டு இலக்கம். அதை நீண்ட எண் என்று கருதி, முதல் சில இலக்கங்களையும் ஒரு ஈ எழுத்தையும் மட்டும் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதையே எழுதும். மீதி இலக்கங்கள் அதோடு போயின. இதனால்தான் வெளியே எடுப்பதற்கு சிஎஸ்வியை விட ‘விகார்டு’ வடிவம் மேல் என்று அழுத்திச் சொல்கிறேன். 2022இல் வந்த 102ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டு தன் முகவரிகளை உள்ளுக்குள்ளும் விகார்டு வடிவிலேயே வைக்கிறது. அதில் எழுத்து முறை குழப்பம் இல்லை, எண்கள் எண்களாகவே இருக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய பெயர்கள் வேறு கதை. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துருவால் தமிழாகத் தெரிந்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலமாக நிற்கும். இவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் சரியாக மாறும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகளும் உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். மேல்குறி போட்ட பிரெஞ்சு ஈ எழுத்துக்கும் இதே இரட்டை வடிவம் இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்து, இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிந்தும் ஒன்றைத் தேடினால் மற்றது வராவிட்டால் இதைச் சந்தேகிக்கலாம். பெயரை அழித்துவிட்டு ஒரே விசைப்பலகையில் மறுபடி அடித்தால் தீர்ந்துவிடும்.

கைபேசியோடு இணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2021இல் வந்த 91ஆம் பதிப்பு முதல் கூகுள் தொடர்புகளைத் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவர முடிகிறது. அப்படி இணைத்த புத்தகத்தில் இங்கே நீக்கினால் கைபேசியிலும் நீங்கும். இரட்டைப் பெயர்களைச் சுத்தம் செய்ய அது ஏற்ற இடமில்லை. தவறிப்போய் நீக்கிவிட்டால் கூகுள் தொடர்புகள் பக்கத்தில் முப்பது நாட்களுக்குள் முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. பெயரை அடிக்கும்போது வரும் பரிந்துரைப் பட்டியல் அங்கே முகவரிப் புத்தகத்திலிருந்து முற்றிலும் தனியானது. தவறான பரிந்துரையின் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அது போகும், புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் சரியான பிறகு புத்தகத்தை விகார்டு வடிவில் வெளியே எடுத்து, கணினிக்கு வெளியே வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த சிபியூ பெட்டியும், அதே மேசை இழுப்பறையில் வைத்த பென் டிரைவும் சேர்ந்தே நனையும். பிரான்சில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கோப்பை மெயிலில் இணைத்து அனுப்பி வைப்பது நல்ல ஏற்பாடு. சில நூறு பேருள்ள கோப்பு ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது.

தொடக்கத்தில் எடுத்த ப்ரொஃபைல் நகலை, எல்லாம் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே அழித்துவிட வேண்டாம். ஒரு முழு ஆண்டாவது இருக்கட்டும். தினமும் எழுதுகிறவர்களின் முகவரி விடுபட்டிருந்தால் அன்றே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுதும் பென்ஷன் அலுவலகம், புத்தாண்டுக்கு மட்டும் வாழ்த்து அனுப்பும் பழைய சிநேகிதர், வீட்டு வரிக்கு மட்டும் தொடர்புகொள்ளும் வழக்கறிஞர் ஆகியோரின் முகவரி விடுபட்டிருப்பது அந்த மாதம் வரும்போதுதான் தெரியவரும். அப்போது நகலைத் திறந்து, அந்த ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.